விரல் நமது, விசைப்பலகை எவருடையது?



மேட்டூரில் இன்று எத்தனை அடி?

தஞ்சைத் தரணியில் பொழுது விடிந்ததும் எழும் முதற்கேள்வி இதுதான். திருவையாற்றுத் தேநீர்க் கடையில் கேட்கிறார்கள். மன்னார்குடிப் பேருந்து நிலையத்தில் கேட்கிறார்கள். ஒரத்தநாட்டில் நாற்றங்காலுக்கு விதை ஊறப்போட்டவர் வரப்பில் நின்றபடியே கேட்கிறார். 120 அடி என்றால் முகம் மலர்கிறது. அறுபது என்றால் கடன் கொடுத்தவனின் முகம் கண்முன் வந்து நிற்கிறது. ஜூன் 12ஆம் நாள் அணை திறக்குமா, குறுவை உண்டா, அல்லது சம்பா ஒன்றை நம்பியே ஆண்டைக் கடத்த வேண்டுமா என்பதெல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

அந்த எண்ணைப் பார்க்க முன்பு நாளேட்டைப் பிரித்தோம். இன்று சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுக்கிறோம். கைப்பேசியின் முகப்பிலேயே, எதையும் திறக்காமல், சிறு கட்டமொன்றில் செய்தி தெரியும்படி வைக்கும் ஏற்பாட்டுக்கு விட்ஜெட் என்று பெயர். கடிகாரம் தெரிகிறதே, மழை வருமா என்று காட்டுகிறதே, அதுதான். கீழே நாம் தட்டி எழுதுகிற எழுத்துக் கட்டங்கள் இருக்கின்றனவே, அது விசைப்பலகை. பார்ப்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று. இன்று உங்களோடு இந்த இரண்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நனைந்த நெல்லோடு கொள்முதல் நிலைய வாசலில் காத்துக் கிடக்கும் நேரத்தில் இது என்ன விளையாட்டுப் பேச்சு என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். பொறுங்கள். ஈரப்பதம் அதிகம் என்று மூட்டையைத் திருப்பி அனுப்பினால் அதை எதிர்த்து நீங்கள் அனுப்பும் மனு எதில் எழுதப்படுகிறது? வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று பாசன அலுவலகத்துக்கு விடுக்கும் செய்தி எதில் தட்டப்படுகிறது? கிளைக் கூட்ட அறிவிப்பு எதன் வழியே போகிறது? உங்கள் வாய்க்கும் உலகத்தின் காதுக்கும் நடுவே ஒரு பலகை இருக்கிறது. அந்தப் பலகையை எவன் வைத்திருக்கிறான் என்று கேட்பது அரசியல் இல்லையென்றால் எதுதான் அரசியல்?

இரண்டு பண்ணைகள் இருக்கின்றன. ஒன்று கலிஃபோர்னியாவின் குப்பர்ட்டினோவில் உள்ள ஆப்பிள். மற்றொன்று அதே மாநிலத்து மவுண்டன் வியூவில் உள்ள கூகுள். ஐபோனுக்குள் ஒரு செயலி நுழைய வேண்டுமானால் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் வாசலில் நிற்க வேண்டும். ஆண்ட்ராய்டு பேசிகளில் பெரும்பாலோர் செயலி வாங்கும் இடம் கூகுளின் பிளே ஸ்டோர். நுழைவுச் சீட்டு உண்டு: ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர், கூகுளுக்கு ஒருமுறை 25 டாலர். உள்ளே வந்து பொருள் விற்றால் வாரம் உண்டு. அந்த வாரம் நெடுங்காலமாக 30 விழுக்காடு. சிறியவர்களுக்கு 15 என்று 2021இல் குறைத்தார்கள்.

வாரம் என்ற சொல்லைத் தஞ்சைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பண்ணைக்காலத்துக் கொடுமையில் வாரத்தை விடக் கொடியது ஒன்று இருந்தது என்பதை உங்கள் பாட்டன்மார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நாளைக் காலையில் பண்ணையார் ‘நீ வேண்டாம், போ’ என்று சொன்னால் போக வேண்டியதுதான். ஏன் என்று கேட்க இடமில்லை. 1952இல் வந்த தஞ்சாவூர்ச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அந்த வாயைத்தான் முதலில் கட்டியது. வெளியேற்ற வேண்டுமா, காரணம் சொல்; சமரச அதிகாரி முன்னால் வந்து சொல் என்றது. அந்தச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. கீழ்த்தஞ்சையில் அடிபட்டவர்கள் போராடியதால் வந்தது. குப்பர்ட்டினோவின் பண்ணைக்கு அப்படியொரு சட்டம் நம் நாட்டில் இன்றளவும் இல்லை.

நடந்த கதைகளைச் சொல்கிறேன்.

ஐபோன் உலகத்துக்கு வந்தது 2007இல். அதற்குள் வெளியார் எவரும் செய்த விசைப்பலகையை எல்லா இடத்திலும் பயன்படுத்த ஆப்பிள் அனுமதித்தது 2014 செப்டம்பரில், ஐ.ஓ.எஸ். 8 வந்தபோது. ஏழாண்டுகள்! ஆண்ட்ராய்டில் 2009லேயே அந்த வசதி இருந்தது. தமிழன் அந்த ஏழாண்டுகளில் என்ன செய்தான்? மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005லேயே சாதாரணக் கைப்பேசிகளில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்திருந்தது. அதே செல்லினம் ஐபோனுக்குள் போனதும் கைவிலங்கு மாட்டப்பட்டது. செயலிக்குள்ளேயே எழுத வேண்டும். எழுதியதை நகலெடுக்க வேண்டும். வேறொரு செயலியைத் திறந்து அங்கே ஒட்ட வேண்டும். வீட்டுத் திண்ணையில் பேசிவிட்டு, பேசியதை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய் விரித்துக் காட்டுவது போல. 2013இல் ஐ.ஓ.எஸ். 7இல் ஆப்பிள் தானே தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தது. நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அது அவர்கள் கொடுத்தது. கொடுத்தவன் மனம் வைத்தபோது கொடுத்தது. அதற்கு முன் தமிழனிடம் பலகை இல்லாமலா போயிற்று? இருந்தது, வாசலில் நிறுத்தப்பட்டது.

1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாட்டு அரசு தரமாக ஏற்றது. 12 உயிர் இடக்கைக்கு, 18 மெய்யில் பெரும்பாலானவை வலக்கைக்கு, ஆய்தம் தனியே. தொல்காப்பியன் பிரித்து வைத்ததைத் தட்டச்சு மேசையில் பரப்பி வைத்தது போன்ற அழகு. ஒரு மாநில அரசு தன் மொழிக்கு வகுத்த தரம், அமெரிக்கக் கடைக்காரன் கதவைத் திறக்கும் வரை ஓர் உயர்விலைப் பேசிக்குள் நுழைய முடியவில்லை என்பது நான் சொல்ல வரும் செய்தி.

சரி, 2014இல் கதவு திறந்ததே என்பீர்கள். பாதிதான் திறந்தது. ஐபோனில் வெளியார் பலகை இன்றும் கடவுச்சொல் எழுதும் இடத்தில் மறைந்துவிடும். ஒலிவாங்கியைத் தொட அதற்கு அனுமதியில்லை, ஆகவே பேசினால் எழுதுகிற பலகையை அந்த வழியில் அமைக்க இயலாது. எந்தச் செயலியின் உரிமையாளரும் ‘என் செயலிக்குள் வெளியார் பலகை கூடாது’ என்று அடைத்துவிடலாம். வலையோடு தொடர்புகொள்ள ‘முழு அனுமதி’ கேட்டால், நீ தட்டுவதையெல்லாம் இவன் பார்க்கக்கூடும் என்ற எச்சரிக்கை வருகிறது. ஆப்பிளின் சொந்தப் பலகைக்கு இந்தத் தீட்டு எதுவுமில்லை.

கண்பார்வையற்றவர்கள் தட்டெழுதுவதற்கென்று ஃபிளிக்டைப் என்ற பலகையைச் செய்தவர் கோஸ்டா எலெஃப்தெரியூ. ஆப்பிள் கைக்கடிகாரத்துக்கும் அதைச் செய்தார். 2019இல், விசைப்பலகை கைக்கடிகாரத்துக்குப் பொருந்தாது என்று அவரைத் தடுத்தார்கள்; அப்புறம் அனுமதித்தார்கள். 2021 மார்ச்சில் அவர் வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், மீண்டும் மீண்டும் நிராகரித்ததைத் தாங்க முடியாமல் பார்வையற்றோருக்கான ஐபோன் பலகையைக் கைவிடுவதாக அறிவித்தார். அடுத்த மாதம் ஆப்பிள் தன் புதிய கைக்கடிகாரத்தை வெளியிட்டது. அதில் என்ன இருந்தது தெரியுமா? முழு விசைப்பலகை! வழக்கு 2022இல் சமரசத்தில் முடிந்தது. பொருந்தாது என்று சொன்ன பொருள், உரிமையாளன் கைக்கு வந்ததும் பொருந்திவிட்டது.

விட்ஜெட்டின் கதையும் அப்படியே. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் தாம்சன் பி-கால்க் என்ற கணக்குச் செயலியைச் செய்தவர். 2014இல் அதற்கு ஒரு விட்ஜெட் வைத்தார். ஆப்பிள் அதைத் தன் கடையில் சிறந்தவற்றுள் ஒன்றாகக் காட்சிக்கும் வைத்தது. சில வாரங்களில் அதே ஆப்பிள், விட்ஜெட்டுக்குள் கணக்குப் போடக்கூடாது, எடுத்துவிடு என்றது. எழுதிய விதியில் அப்படி இருந்ததா? இல்லை. ஊர் கூடிக் கூச்சலிட்ட பிறகு சில நாளில் பின்வாங்கினார்கள். தாம்சனுக்காகக் கூச்சலிட அமெரிக்கப் பத்திரிகைகள் இருந்தன. தஞ்சையில் மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஓர் அறையில் உட்கார்ந்து செயலி எழுதும் இளைஞனுக்காக எந்தப் பத்திரிகை கூச்சலிடும்?

அந்த இளைஞன் மேட்டூர் நீர்மட்டத்தையும் வரத்தையும் ஐபோன் முகப்பில் காட்ட விரும்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிளின் ஆவணம் சொல்கிறது: பயனர் அடிக்கடி பார்க்கும் விட்ஜெட்டுக்குக்கூட நாளொன்றுக்குப் பொதுவாக 40 முதல் 70 முறை புதுப்பிக்கவே பங்கீடு. மின்கலம் தீர்ந்துபோகும் என்கிறார்கள். காரணத்தில் உண்மை இருக்கிறது. அணையின் மட்டத்துக்கு அந்த அளவு போதும் என்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டத்துக்குள்ளேயே பெயரைத் தட்டித் தன் ஊர் வாய்க்காலைத் தேட முடியாது; எழுதும் இடம் விட்ஜெட்டில் கூடாது. ஒரு பொத்தானை அமுக்கும் உரிமையே 2023இல் ஐ.ஓ.எஸ். 17 வந்தபோதுதான் கிடைத்தது. முறை வைத்துத் தண்ணீர் விடுவதில் நமக்குப் பகையில்லை, தோழர்களே. கடைமடை வரை பாய வேண்டுமானால் முறை வேண்டும். ஆனால் மதகுச் சாவியை வைத்திருப்பவன் தன் வயலுக்கு மட்டும் முறை பார்ப்பதில்லையே, அதுதான் கேள்வி.

தஞ்சை வயல்வெளியில் ஐபோன் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம். நம்மவர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. ஆகவே கூகுள் பண்ணைக்கு வருவோம்.

புதிய பேசியை வாங்கி உறையைப் பிரிக்கிறீர்கள். முகப்பில் ஒரு நீண்ட வெள்ளைப் பட்டை: கூகுள் தேடல். நீங்கள் வைத்தீர்களா? கடைக்காரர் வைத்தாரா? பேசியைச் செய்த நிறுவனம்கூட மனமுவந்து வைக்கவில்லை. பிளே ஸ்டோர் வேண்டுமானால் எங்கள் செயலிகள் அத்தனையையும் ஏற்று, தேடல் விட்ஜெட்டை முகப்பில் வை என்பது ஒப்பந்தமாக இருந்தது. இதை நான் சொல்லவில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று சொல்லி, ரூ. 1,337.76 கோடி தண்டம் விதித்தது. ஐந்து நாள் கழித்து, பிளே ஸ்டோரில் தன் கட்டண முறையைத் திணித்ததற்காக மேலும் ரூ. 936.44 கோடி.

ஆகா, நீதி பிறந்தது என்று கைதட்டுவதற்குள் அடுத்த காட்சி. 2023 மார்ச்சில் தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் முதல் தண்டத்தை நிலைநிறுத்தியது. ஆனால் ஆணையம் இட்ட கட்டளைகளில் நான்கை நீக்கியது. எவை? முன்பே ஏற்றி வைத்த செயலிகளைப் பயனர் நீக்கிக்கொள்ளும் உரிமை. பிளே ஸ்டோருக்குள் வேறு கடைக்கு இடம். கடைக்கு வெளியே செயலி பெறுவதைத் தடுக்காமை ஆகியவை அவற்றில் அடங்கும். பணம் கட்டச் சொன்னார்கள், பூட்டைத் திறக்கச் சொல்லவில்லை! இரண்டாவது தண்டமோ 2025 மார்ச்சில் ரூ. 216.69 கோடியாகச் சுருங்கியது. பொங்கல் தள்ளுபடி கூட இவ்வளவு தாராளமாக இருப்பதில்லை.

வெளியேற்றுவது எப்படியிருக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2024 மார்ச் 1ஆம் நாள் கூகுள், கட்டணத் தகராறில், பல இந்திய நிறுவனங்களின் செயலிகளைத் தன் கடையிலிருந்து தூக்கி எறிந்தது. சென்னையின் பாரத் மேட்ரிமோனி அதில் ஒன்று. சாதிக்கொரு பக்கம் திறந்து மாப்பிள்ளை தேடிக் கொடுக்கும் அத்தொழிலின்மீது எனக்குக் காதல் ஏதுமில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் வழக்குத் தொடுத்திருந்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் அவ்வழக்குகளை ஏற்கவில்லை. போட்டி ஆணையத்தின் வாசலைக் காட்டியது. எறியப்பட்ட செயலிகள் திரும்பி வந்தது எப்படி? ஒன்றிய அமைச்சர் தலையிட்டதால். கோடிக்கணக்கில் வாணிகம் செய்கிறவர்களுக்கு அமைச்சர் வருவார். தமிழ் விசைப்பலகை ஒன்றை இலவசமாகச் செய்து ஊருக்குக் கொடுப்பவனுக்கு எந்த அமைச்சர் வருவார்?

ஆண்ட்ராய்டில் கடைக்கு வெளியிலிருந்தும் செயலியை ஏற்றலாம், அதுவே அதன் பெருமை என்பார்கள். அந்தக் கொல்லைப்புறக் கதவுக்கும் 2025 ஆகஸ்டில் தாழ்ப்பாள் அறிவிக்கப்பட்டது. கடைக்கு வெளியே செயலி கொடுப்பவனும் கூகுளிடம் தன் அடையாளத்தைப் பதிய வேண்டும். முதலில் 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில், பிறகு 2027 முதல் மற்ற நாடுகளில் என்று சொன்னார்கள். எதிர்ப்பு எழுந்ததும் நவம்பரில் சற்றே இறங்கி வந்து, விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு தனிவழி வைப்போம் என்றார்கள். விவரம் தெரிந்தவன் யார் என்று அளக்கும் மரக்காலும் அவர்கள் கையில்தான்.

இனி எதிர்வாதம். அதை மறைத்துவிட்டுப் பேசுவது நம் வழக்கமில்லை.

விசைப்பலகை என்பது நீ எழுதும் ஒவ்வோர் எழுத்தையும் பார்க்கும் பொருள். கண்டவனையும் உள்ளே விட்டால் உன் வங்கிக் கணக்கு என்னாவது என்கிறார்கள். உண்மையான அச்சம்தான். ஏ.ஐ.டைப் என்ற பலகை 2017இல் 3 கோடியே 10 இலட்சம் பேரின் விவரங்களைப் பூட்டில்லாமல் திறந்து வைத்திருந்தது. 2024 ஏப்ரலில் டொரோண்டோவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள், சீன மொழிக்கான பலகைகள் பலவற்றில் தட்டும் எழுத்தை வழியிலேயே பிறர் படிக்கும் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். ஆனால் கவனியுங்கள். ஏ.ஐ.டைப் கொல்லைப்புறமாக வந்ததன்று. கடைக்காரர்களின் முத்திரையோடு கடையிலேயே இருந்தது. சிட்டிசன் லேப் கண்ட பலகைகளில் பல, பேசியைச் செய்த நிறுவனங்களே முன்கூட்டி ஏற்றி வைத்தவை. ஓட்டையைக் கண்டது வாசற்காவலன் அல்லன். வெளியிலிருந்து ஆராய்ந்த கல்விமான்கள். ஆகவே பாதுகாப்பு வேண்டுமானால் சட்டம் செய்யுங்கள்: எந்தப் பலகையானாலும், ஆப்பிளுடையதானாலும் கூகுளுடையதானாலும், ஒரே சோதனை, ஒரே தண்டனை. உரிமையாளனையே நீதிபதியாகவும் வைத்துக்கொண்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயரிடாதீர்கள்.

இதில் தில்லிக்கும் பங்குண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16333, மூன்றாம் பகுதி, 2016இல் வந்தது. இந்தியாவில் விற்கும் கைப்பேசியில் என்ன எழுத்து வசதி இருக்க வேண்டும் என்று வகுக்கிறது. படிப்பதற்கு அட்டவணை மொழிகள் எல்லாம், சரி. எழுதுவதற்கு? ஆங்கிலம், இந்தி, மேலும் ஏதேனும் ஓர் இந்திய மொழி! தஞ்சையில் விற்கும் பேசியில் இந்தி எழுதும் வசதி கட்டாயம். தமிழ் எழுதும் வசதி ‘மேலும் ஏதேனும் ஒன்று’. தயாரிப்பாளர்கள் சந்தையை உத்தேசித்துத் தமிழைச் சேர்க்கிறார்கள். சட்டம் அவர்களைச் சேர்க்கச் சொல்லவில்லை. வாசலில் கலிஃபோர்னியா, உள்ளே தில்லி. நடுவில் நிற்பவனுக்குச் சொந்தப் பலகை செய்துகொள்ளும் உரிமையாவது திறந்திருக்க வேண்டாமா?

எழுத்துக் கருவியை ஆள்கிறவன் எழுத்தை ஆள்வான் என்பது நம் மண் அறிந்த பாடம். பழைய தஞ்சை மாவட்டத்துத் தரங்கம்பாடியில் 1713இல் தமிழ் அச்சு ஓடத் தொடங்கியது. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய எழுத்துகள் பருத்திருந்தன, காகிதத்தைத் தின்றன. அங்கிருந்தவர்கள் ஹாலேயின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. இங்கேயே ஈயம் உருக்கிச் சிற்றெழுத்து வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாயிற்று. நூறாண்டுக்குமேல் சென்று, 1835இல் மெட்காஃப் காலத்துச் சட்டம் அச்சகத்துக்கான உரிமக் கட்டுப்பாட்டை நீக்கியபின் நாட்டவர் அச்சகங்கள் பெருகின. மறுபடியும் 1878இல் லிட்டன் கொண்டுவந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம்! ஆங்கில ஏடுகளைத் தொடவில்லை. தாய்மொழி ஏடுகளுக்கு மட்டும் பூட்டு. நடுவர் இட்ட ஆணையே முடிவு; நீதிமன்றத்தில் முறையீடு கிடையாது. ரிப்பன் காலத்தில் ஒழிந்த அந்தச் சட்டத்தின் இலக்கணத்தை இன்று ஒரு கம்பெனியின் ஒப்பந்தத்தாளில் படிக்கிறோம்.

ஐரோப்பியர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய எண்ணிமச் சந்தைச் சட்டத்தின் கடமைகள் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்ததும், ஆப்பிள் அங்கே மட்டும் வேறு கடைகளுக்கு வழிவிட்டது. பாரிசில் இருப்பவனுக்கு உள்ள கதவு பாபநாசத்தில் இருப்பவனுக்கு இல்லை. பேசி ஒன்றே, விலையும் குறைவில்லை. அதே 2024 மார்ச்சில் நம் நாட்டிலும் எண்ணிமப் போட்டிச் சட்ட வரைவு வெளியிடப்பட்டது. இதை எழுதும் வரை அது சட்டமாகவில்லை.

ஆகவே வேலை இருக்கிறது. அந்த வரைவைச் சட்டமாக்கு. அதில் விசைப்பலகையையும் விட்ஜெட்டையும் பெயர் சொல்லிச் சேர். தன் பலகைக்கு உள்ள உரிமை அத்தனையும் வெளியார் பலகைக்கும் தரவேண்டும். செயலியை நிராகரித்தால் காரணத்தைச் செய்தவன் மொழியில் எழுத்தால் கொடுக்கவேண்டும். முப்பது நாளில் முறையீட்டைக் கேட்க இந்நாட்டில் ஓர் அதிகாரி வேண்டும். ஐ.எஸ். 16333இல் ‘மேலும் ஏதேனும் ஒன்று’ என்பதை அடித்துவிட்டு, அட்டவணை மொழிகள் அனைத்திலும் எழுதும் வசதி என்று மாற்றவேண்டும். தமிழ்நாட்டு அரசுக்கும் ஒரு வார்த்தை: தமிழ்99ஐத் தரமென்று அறிவித்ததோடு நில்லாமல், கண்டுமுதல், தாளடி, பதர், களத்துமேடு என்று டெல்டாவின் சொற்களையெல்லாம் சேர்த்த பலகை ஒன்றை அரசே செய்து, மூலநிரலைத் திறந்து வைக்கட்டும். தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981 முதல் இருக்கிறது, சொற்களுக்குப் பஞ்சமில்லை.

அடுத்த கிளைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். எல்லோரும் பேசியை எடுங்கள். தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டிருக்கும் தோழர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்களுக்கு அங்கேயே தமிழ்ப் பலகையை ஏற்றிக் கொடுங்கள். ஏற்ற முடியாமல் எங்கே தடை வந்தது, எந்தச் செயலிக்குள் பலகை மறைந்தது என்று பேசியின் வகையோடு குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு, தமிழிலேயே எழுதிய மனுவைப் போட்டி ஆணையத்துக்கும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். படியொன்று நம் அலுவலகத்துக்கும் வரட்டும்.